மூன்றாவது தட்டு

ஸ்காபரோவில் இருபது வருடம் கல்யாணவீட்டு வீடியோ எடுத்தவன் நான். ஒரு குடும்பத்தின் வீடியோ என்னால் அழிந்தது. அழிந்த பிறகு அந்தப் பழியை அந்த வீட்டுப் பெண்ணின் தலையிலேயே போட்டேன். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் எழுதுகிறேன். தீர்ப்பு உங்களுடையது.

2006இல் உயர்தெளிவுப் படத்துக்கென்று இரண்டு வகைத் தட்டுகள் கடைக்கு வந்தன. சோனி, பானாசோனிக் பக்கம் ப்ளூ-ரே. தோஷிபா பக்கம் எச்டி டிவிடி. இரண்டையும் படிப்பது ஒரே நீல ஊதா லேசர்தான். ஆனாலும் ஒன்றின் தட்டு மற்றதன் மெசினில் ஓடாது. என்னிடம் அப்போது எச்டிவி கசெட் கமரா இருந்தது. அதில் பிடித்ததைச் சாதாரண டிவிடியில் இறக்கினால் கூறைச் சேலையின் சரிகை மங்கிப் போகும். அந்தச் சரிகையைச் சனங்களுக்குக் காட்ட ஆசைப்பட்டேன். அந்த ஆசையில் பிழை இல்லை.

பிழை காசில் தொடங்கியது. முதலில் வந்த பயனியர் ப்ளூ-ரே ரைட்டரின் விலை ஆயிரம் அமெரிக்க டொலர். 25 ஜிபி வெறுந்தட்டு ஒன்று 20 டொலர். எனக்கு மனம் வரவில்லை. எச்டி டிவிடியில் ஒரு குறுக்குவழி இருந்தது. அந்த அமைப்பிலேயே படத்தைச் சாதாரண டிவிடி-ஆர் தட்டில், வீட்டில் கிடக்கும் பழைய ரைட்டரால் எழுதலாம். தோஷிபா மெசின் அதை முழுத் தெளிவோடு ஓட்டும். ஒரு தட்டில் 25 நிமிடம்தான் கொள்ளும். ஆனால் தட்டு சில சதம்தான். பெயரில்லாத தட்டுகளை நூறு நூறாக வாங்கினேன். ரைட்டர் எவ்வளவு வேகமாக எழுதுமோ அவ்வளவு வேகத்தில் எழுதினேன். மேலே மணமக்களின் படம் அச்சடித்த ஸ்டிக்கர் ஒட்டினேன். அந்தப் பசை தட்டுக்குக் கூடாது என்று வாசித்திருந்தேன். அழகாக இருந்ததால் ஒட்டினேன்.

காசை மிச்சம் பிடித்தேன் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. எதிர்காலம் எனக்குத் தெரியும் என்று சொன்னேன். "பீட்டாமாக்ஸை வீஎச்எஸ் வென்றது ஏன்? மலிவு. இந்த முறையும் மலிவானதுதான் வெல்லும்." 2007 ஆகஸ்டில் பாரமவுண்ட் எச்டி டிவிடி பக்கம் மட்டும் நிற்பதாக அறிவித்தபோது என் தலை இன்னும் கனத்தது.

அதே மாதம்தான் அந்தக் கல்யாணம். பெண்ணின் தகப்பன் கொக்குவிலில் இருந்து வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை மூடியிருந்த காலம். பலாலியில் விமானம் ஏறி, கொழும்பில் மாதக்கணக்காய்க் காத்திருந்து விசா எடுத்து வந்தவர். தாரைவார்க்கும்போது மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்தார். அழுதார். துடைக்கக் கை இல்லை. முகத்தைத் தோளில் தேய்த்தார். அதை நெருக்கத்தில் பிடித்தேன். என் தொழிலில் நான் பிடித்த நல்ல படங்களில் அது ஒன்று.

ஐந்து தட்டுகள் கொடுத்தேன். முந்நூறு டொலருக்கு எச்டி டிவிடி மெசின் ஒன்றும் வாங்க வைத்தேன். "சாதாரண டிவிடியிலும் ஒன்று தருவீங்களோ அண்ணை?" என்று மாப்பிள்ளை கேட்டார். "இனி அதை ஆர் பார்க்கப்போகினம்?" என்றேன். உண்மையில் எனக்கு இன்னொரு இரவு வேலை செய்யப் பஞ்சி. அடுத்த கிழமை ஒரு சாமத்தியவீடு. புதுக் கசெட் வாங்கவில்லை. அந்தக் கல்யாணக் கசெட்டுகளின் மேலேயே அதைப் பிடித்தேன்.

2008 ஜனவரி 4ஆம் திகதி வார்னர் ப்ளூ-ரே பக்கம் போனது. பெப்ரவரி 19ஆம் திகதி தோஷிபா எச்டி டிவிடியைக் கைவிட்டது. சில நாளில் மாப்பிள்ளை போன் எடுத்தார்.

"அண்ணை, மெசினை விட்டிட்டாங்களாம். எங்கட வீடியோ?"

"பயப்படாதேங்கோ தம்பி. மெசின் இருக்கும் மட்டும் ஓடும்."

அது பொய்யில்லை. அதனால்தான் எனக்குச் சுலபமாக வந்தது. அந்தத் தட்டுகளைக் கணினியில் போட்டால் கோப்புகளை எடுக்கலாம், சாதாரண டிவிடி ஆக்கலாம் என்று எனக்குத் தெரியும். ஓர் இரவு வேலை. அன்றைக்குத் தட்டுகள் புதிதாக இருந்தன. ஆனால் அவற்றைத் திருப்பிக் கேட்டால் நான் பிழைவிட்டேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வருடம் இன்னும் எட்டுக் குடும்பங்களுக்கு இப்படியே கொடுத்திருந்தேன். அவர்களிடமும் போக வேண்டும். நான் போகவில்லை. அடுத்த வருடம் ரைட்டர் விலை இறங்கியதும் ப்ளூ-ரே ரைட்டர் வாங்கினேன். அதைப் புது ஆட்களின் கல்யாணங்களுக்குப் பாவித்தேன். இந்த ஒன்பது குடும்பத்தில் ஒருவருக்குக்கூட ஒரு தட்டு எழுதிக் கொடுக்கவில்லை.

தகப்பன் 2011இல் கொக்குவிலில் காலமானார். மகளால் போக முடியவில்லை.

2014 மார்கழியில் அவள் ஐந்து தட்டுகளோடு வந்தாள். நாலு வயதுப் பெண்பிள்ளை கூட வந்தது. மெசின் பழுதாகி மூன்று வருடமாம். "இவளுக்கு அம்மப்பாவைக் காட்ட வேணும் அண்ணா. அவற்றை குரல் எங்களிட்டை வேறை எதிலும் இல்லை."

முதல் இரண்டு தட்டையும் டிரைவ் படித்தது. மூன்றாவது சுற்றிச் சுற்றி நின்றது. வேறு டிரைவ் போட்டேன். இன்னொன்று போட்டேன். ஏழு நிமிடம் வந்தது. தகப்பன் மகளின் கையைப் பிடிக்கக் குனிகிற இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஸ்டிக்கர் ஒரு பக்கம் உப்பியிருந்தது. அதில் அவர்கள் இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் என்னைப் பார்த்தாள். சொல்ல வேண்டியது எல்லாம் என் வாயில் இருந்தது. மலிவுத் தட்டு, பசை, ஒரு போன் அழைப்பு, ஓர் இரவு வேலை. நான் கேட்டது இது: "வெய்யில் படுற இடத்திலை வைச்சனீங்களோ?"

அவள் யோசித்தாள். "யன்னல் கரையிலை கொஞ்ச நாள் இருந்தது அண்ணா. என்ரை பிழைதான் போல."

இல்லை என்று நான் சொல்லவில்லை.

"கசெட் இருக்கோ?" என்று கேட்டாள். "அவ்வளவு காலம் நாங்கள் வைச்சிருக்கிறேல்லை" என்றேன். ஏதோ கடையின் ஒழுங்குபோல. ஒரு கிழமையில் அதன் மேல் வேறொரு வீட்டுக் கொண்டாட்டத்தைப் பிடித்தேன் என்று சொல்லவில்லை.

போகும்போது, மினக்கெட்டதற்கு என்று நாற்பது டொலரை மேசையில் வைத்தாள். பிள்ளைக்குச் சப்பாத்துப் போட்டுவிட்டு, கதவடியில் நின்று நன்றி சொன்னாள். கார் போன பிறகு அந்தக் காசை எடுத்து லாச்சியில் போட்டேன்.