லினக்ஸில் காணாமல் போகும் வன்தட்டு

2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது, விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. டெபியனை அடிப்படையாக வைத்து சி-டாக் உருவாக்கிய இயங்குதளம் அது. கறம்பக்குடி மாதிரி ஊர்களில் பல மாணவர்களுக்கு லினக்ஸ் இப்படித்தான் அறிமுகமானது.

அப்படி ஒரு கணினியில் வெளி வன்தட்டைச் செருகியும் ஒன்றும் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். 2018 நவம்பர் 16 கஜா புயலில் விழுந்த தென்னந்தோப்பு, நின்றிருந்த காலத்துப் படங்கள் அதில் மட்டும்தான் இருக்கின்றன. விண்டோஸில் செருகினால் 'ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்கிறது. அங்கே 'ஆம்' அழுத்தாமல் இருப்பதுதான் முதல் வைத்தியம்.

அடுத்து முனையத்தைத் திறந்து 'எல்எஸ்பிஎல்கே' கட்டளை கொடுக்க வேண்டும். பட்டியலில் 'எஸ்டிபி' போல் புதிய பெயர் வரவே இல்லையா? கோளாறு பெரும்பாலும் வயரில், அல்லது மின்சாரத்தில். யூ.எஸ்.பி. 2.0 துளை தருவது 500 மில்லி ஆம்பியர். சில வன்தட்டுகள் சுழலத் தொடங்க அது போதாது. வயரை மாற்றி, ஹப் இல்லாமல் நேரடியாகச் செருகிப் பாருங்கள்.

பெயர் வருகிறது, ஆனால் திறக்கவில்லை என்றால் கோப்பு முறைமையைப் பார்க்க வேண்டும். எக்ஸ்ஃபேட் என்றால், 2020-ல் வந்த 5.7 கெர்னலிலிருந்து முழுமையான ஆதரவு உண்டு. பழைய பாஸில் அதற்கான பொதியைத் தனியாக நிறுவ வேண்டும். என்.டி.எஃப்.எஸ். என்றால் சந்தேகப்பட வேண்டியது விண்டோஸ் 8-லிருந்து வந்த 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை. அது கணினியை முழுதாக அணைக்காமல் பாதி உறக்கத்தில் விடுகிறது. அந்த நிலையில் இருக்கும் வட்டில் எழுத லினக்ஸ் மறுத்துவிடும். விண்டோஸில் ஷிப்ட் விசையை அழுத்தியபடி ஷட்டவுன் கொடுத்தால் முழுதாக அணையும்.

'டிஎம்இஎஸ்ஜி' கட்டளையில் 'ஐ/ஓ எரர்' என்று வரிவரியாக ஓடினால் நிலைமை வேறு. வட்டே சாகத் தொடங்கியிருக்கலாம். திரும்பத் திரும்பத் திறந்து பார்க்கக் கூடாது, எஃப்.எஸ்.சி.கே. போன்ற பழுதுநீக்கிகளையும் ஓட்டக் கூடாது. 'ஜிஎன்யூ டிடிரெஸ்கியூ' மூலம் முழு வட்டையும் வேறொரு நல்ல வட்டுக்கு நகலெடுத்து, அந்த நகலில் 'ஃபோட்டோரெக்' ஓட்டினால் படங்கள் பலவும் திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டு.

கிடைத்ததும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வைப்பது நல்லது. விழுந்த தென்னைக்குப் பதில் புதுக் கன்று நடலாம். பழைய தோப்பை இன்னொரு முறை படம் எடுக்க முடியாது.