எதிராளிக்குக் கரகோஷம்

பலசாலியான எதிராளியோடு நம்மவர்கள் மோதும் பந்தயத்தைப் பார்க்கப் போவதற்கும் கலியாணத்துக்குப் போவதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கலியாணத்தில் முடிவு முன்னாலேயே தெரியும். சாப்பாடு ஒன்றுதான் சந்தேகத்துக்குரியது. பந்தயத்திலோ சாப்பாடு பொட்டலமாக நம் மடியிலேயே இருக்கிறது, முடிவுதான் சந்தேகம். அந்தச் சந்தேகத்துக்காக ஜனங்கள் வெயிலில் வேகிறார்கள். போலீஸ்காரர் அதட்டுவதையும் பொறுத்துக் கொள்கிறார்கள்.

1999-ஆம் வருஷம் ஜனவரி 28 முதல் 31 வரையில் சேப்பாக்கத்தில் நடந்த இந்தியா - பாகிஸ்தான் டெஸ்ட் பந்தயத்தைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. நம்மவர்கள் 12 ஓட்டங்களில் தோற்றார்கள். சென்னை ஜனங்கள் எழுந்து நின்று ஜெயித்தவர்களுக்குக் கைதட்டினார்கள். "ஆகா, என்ன பெருந்தன்மை!" என்று இன்றுவரை எல்லோரும் மெச்சுகிறார்கள். இந்தப் "பெருந்தன்மை" என்ற வார்த்தையோடுதான் எங்களுக்குத் தகராறு. அன்று கைதட்டியவர்களில் நாங்களும் சேர்த்தி. அந்த வேளையில் எங்கள் மனத்தில் எத்தனையோ இருந்தன. பெருந்தன்மை மட்டும் இருந்ததாக ஞாபகமில்லை.

அப்போது நாங்கள் நால்வரும் கல்லூரி மாணவர்கள்; அம்பத்தூர்வாசிகள். வாலாஜா சாலையில் இரவெல்லாம் வரிசையில் நின்று சீட்டு வாங்கி வந்திருந்தோம். முதலில் டில்லியில்தான் அந்தப் பந்தயம் நடப்பதாக இருந்தது. ஜனவரி ஆரம்பத்தில் சிவசேனைக்காரர்கள் டில்லி மைதானத்துக்குள் புகுந்து ஆடுகளத்தைக் கொத்திப் போட்டார்கள். ஆகையால் சென்னையில் நடக்கவேண்டிய பந்தயம் முதலாவதாகவும், டில்லிப் பந்தயம் இரண்டாவதாகவும் மாறின. பாகிஸ்தான் கோஷ்டி நம் மண்ணில் டெஸ்ட் ஆடிப் பன்னிரண்டு வருஷங்கள் ஆகியிருந்தன. 1987-இல் வந்தபோது பெங்களூரில் 16 ஓட்டங்களில் ஜெயித்துப் போனவர்கள் அவர்கள். இந்தத் தடவை வாசிம் அக்ரம், வக்கார் யூனிஸ், சக்லைன் முஷ்டாக் என்ற மூன்று பெயர்களே எதிராளிகளுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கப் போதுமானவையாக இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை, நாலாவது நாள் காலை. ஆவடியிலிருந்து வந்த மின்சார ரெயிலில் ஏறினோம். எங்களில் ஒருவனுடைய பெரியப்பா ஆவடியிலேயே ஏறி எங்களுக்கு இடம் போட்டு வைத்திருந்தார். அவரை நாங்கள் எல்லோருமே பெரியப்பா என்றுதான் கூப்பிடுவோம். ஆவடி என்றால் நேயர்களில் மூத்தவர்களுக்கு 1955-ஆம் வருஷத்துக் காங்கிரஸ் மகாசபையும் சோஷலிஸ மாதிரி சமுதாயத் தீர்மானமும் நினைவு வரும். எங்கள் காலத்தவருக்கு ஆவடி என்றால் டாங்கித் தொழிற்சாலை. 1961-இல் ஏற்பட்டு, விஜயந்தா டாங்கிகளைச் செய்து ராணுவத்துக்கு அனுப்பிய ஸ்தாபனம் அது. பெரியப்பா அங்கேதான் வேலை பார்த்தார். யாருக்கு எதிராக உபயோகப்படுவதற்கென்று அந்த டாங்கிகள் உருவாயினவோ, அவர்களுடைய ஆட்டத்தைப் பார்க்கத்தான் புளியோதரைப் பொட்டலத்துடன் புறப்பட்டிருந்தார்.

பட்டரைவாக்கம், கொரட்டூர், வில்லிவாக்கம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கூட்டம் நெருக்கியடித்தது. வண்டி பேசின் பிரிட்ஜைத் தாண்டுவதற்குள் பெட்டி முழுவதும் ஒரே பேச்சு. டெண்டுல்கர் முதல் ஆட்டத்தில் மூன்றாவது பந்திலேயே ஓட்டமில்லாமல் போனது; மூன்றாம் நாள் ஷாகித் அப்ரிதி 141 ஓட்டங்கள் அடித்தது; அதற்குப் பிறகு வெங்கடேஷ் பிரசாத் 18 பந்துகளில் ஓர் ஓட்டமும் கொடாமல் ஐந்து விக்கெட்டுகளைச் சாய்த்தது. ஜெயிக்க 271 வேண்டும். அதற்குள் இரண்டு விக்கெட்டுகள் முந்தின நாள் மாலையே போய்விட்டன. அவற்றில் ஒன்று, முதல் டெஸ்ட் ஆடிய நம் சென்னைப் பையன் ரமேஷுடையது. சென்ட்ரலில் இறங்கிப் பார்க் டவுனுக்கு நடந்து, பறக்கும் ரெயிலில் சேப்பாக்கம் போய்ச் சேர்ந்தோம். வாசலில் போலீஸ்காரர் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்த பிறகே உள்ளே விட்டார்.

அன்றைய காலை ஆட்டத்தை விஸ்தாரமாகச் சொல்ல மனமில்லை. ஒரே ஒரு பந்தை மட்டும் சொல்லாமல் விட முடியாது. வாசிம் அக்ரம் டிராவிடுக்குப் போட்டது அது. உள்ளே வருவது போல வளைந்து வந்து, தரையில் பட்டதும் மனம் மாறினாற்போல் வெளியே திரும்பி, ஆப் ஸ்டம்பின் தலையைத் தட்டிவிட்டுப் போயிற்று. டிராவிட் செய்த பிசகு ஒன்றுமே இல்லை. எங்களைச் சுற்றிலும் "ஐயோ!" என்ற சத்தம் எழுந்தது. அதன் அடியிலேயே இன்னொரு சத்தமும் இருந்தது: பாகவதர் ஓர் அபூர்வமான பிடி பிடித்துவிட்டால் சபையில் தன்னையறியாமல் எழுமே, அந்தச் சத்தம். பிறகு அசாருதீன் போனார். கங்குலியும் போனார், அவர் கொடுத்த கேட்ச் கேட்ச்தானா என்று எங்கள் வரிசையில் வெகுநேரம் முணுமுணுப்பு இருந்தது. 82-க்கு ஐந்து விக்கெட்டுகள். புளியோதரையை யாரும் தொடவில்லை.

அதற்கப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வது! டெண்டுல்கரும் விக்கெட் காப்பாளர் மோங்கியாவும் ஜோடி சேர்ந்து 136 ஓட்டங்களைச் சேர்த்தார்கள். டெண்டுல்கருக்கு முதுகில் வலி. பந்துக்குப் பந்து இடுப்பைப் பிடித்துக் கொண்டு குனிந்து நின்றார். ஆயினும் அடிப்பதை நிறுத்தவில்லை. சக்லைனிடம் வலது பக்கம் திரும்பும் பந்தும் இருந்தது, அதே கைவீச்சில் எதிர்ப்புறம் திரும்பும் பந்தும் இருந்தது. "தூஸ்ரா" என்று அவர்கள் சொன்ன அந்த இரண்டாவது பந்தை உலகம் அப்போதுதான் கண்டு திகைத்துக் கொண்டிருந்தது. கையைப் பார்த்தால் தெரியாது. பந்து விழுந்த பிறகு பார்த்தால் நேரமிருக்காது. ஒரு பக்கம் அந்த மாயவித்தை, மறுபக்கம் முதுகு வலியோடு ஒரு மனிதர். மோங்கியா 52 அடித்துப் போனார். ஓட்டங்கள் 230 ஆயின, 240 ஆயின. மைதானத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒருவரும் இல்லை.

254-ஆவது ஓட்டத்தில், இன்னும் 17 ஓட்டங்களே பாக்கி இருக்கும்போது, 136 அடித்திருந்த டெண்டுல்கர் சக்லைனின் பந்தை உயரத் தூக்கினார். அது ஆகாயத்தில் நின்ற நேரம் எவ்வளவு என்று கடிகாரத்தைக் கேட்டால் சில விநாடிகள் என்று சொல்லும். கடிகாரத்துக்கு என்ன தெரியும்! வாசிம் அக்ரம் கீழே நின்று பிடித்துக் கொண்டார். மிச்சமிருந்த மூன்று விக்கெட்டுகள் நாலே ஓட்டங்களுக்குள் விழுந்தன. 258-க்கு எல்லாரும் ஆட்டமிழந்தார்கள்.

பிறகு ஒரு மௌனம். அந்த மௌனத்தைப் பற்றி எழுதியவர்கள் அது உடனே கைதட்டலாக மாறிவிட்டதாக எழுதுகிறார்கள். எங்கள் பக்கத்தில் அப்படி மாறவில்லை. எங்களில் ஒருவன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு விம்மினான். பின் வரிசையில் ஒருவர் கடைசியாக ஆடிய மூவரையும் பரம்பரையோடு சேர்த்துத் திட்டினார். "வீட்டுக்குப் போகலாம், எழுந்திரு" என்று ஒருவர் தம் பிள்ளையை இழுத்தார், பிள்ளை நகரவில்லை. கைதட்டல் எங்கிருந்து ஆரம்பித்தது என்று எங்களால் சொல்ல முடியாது. எங்கள் வரிசையில் முதலில் தட்டியவர் பெரியப்பா. நிதானமாக எழுந்து, வேஷ்டியைச் சரி செய்துகொண்டு, தாளம் போடுவது போல ஒன்று, இரண்டு என்று தட்டினார். நண்பன் கோபமாக, "என்ன பெரியப்பா இது?" என்றான். அவர் மைதானத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "பந்தைப் பார்த்தாயோ இல்லையோ?" என்று மட்டும் கேட்டார். அதற்குள் எங்கள் கைகளும் சேர்ந்துகொண்டன. பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் முதலில் திகைத்தாற்போல் நின்றார்கள். பின்னர் எல்லோரும் சேர்ந்து மைதானத்தைச் சுற்றி ஓடிவந்தார்கள். அவர்கள் எங்கள் பக்கம் வந்தபோது கரகோஷம் காதைப் பிளந்தது.

இதைப் பெருந்தன்மை என்று சொன்னால் பொருந்தவில்லை. கொடுக்கிறவன் மேலே நின்றுகொண்டு கீழே இருப்பவனுக்குக் கொடுப்பதல்லவா பெருந்தன்மை? நாங்கள் கீழேதான் கிடந்தோம். அன்று நாங்கள் கொடுத்தது கடன். நாலு நாள் அவர்களிடம் வாங்கிக்கொண்டிருந்தோம். ஐந்தாவது நாளுக்கு வைக்காமல் தீர்த்துவிட்டோம். 1997 மே 21-ந்தேதி இதே மைதானத்தில் சயீத் அன்வர் நமக்கு எதிராக 194 ஓட்டங்கள் அடித்தபோதும் ஜனங்கள் அப்படித்தான் தீர்த்தார்கள்.

மேற்குப் பக்கத்துப் புறநகர்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கடன் விஷயம் சுலபமாக விளங்கும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஆறு நாள் லேத்து ஓட்டுகிறவர், ஏழாவது நாள் ஏரி வற்றிய நிலத்தில் டென்னிஸ் பந்தை வைத்துக்கொண்டு ஆடுவார். செங்கல் அடுக்கினால் விக்கெட். தென்னை மட்டையும் மட்டைதான். பந்தைத் திருப்புவது எவ்வளவு கஷ்டம் என்பது அங்கே ஒவ்வொரு விரலுக்கும் தெரியும். வருஷக்கணக்கில் முயன்றும் தன் கைக்கு வராத ஒன்றை இன்னொருவன் கை அனாயாசமாகச் செய்யும்போது, அந்தக் கை எந்தத் தேசத்தது என்ற கேள்வி கொஞ்சம் தாமதித்துத்தான் வருகிறது. டில்லியில் ஆடுகளத்தைக் கொத்தியவர்கள் கடப்பாரை பிடித்த அளவுக்குப் பந்தையும் பிடித்திருப்பார்களா என்பது எங்களுக்குச் சந்தேகமே.

ஆனால் இந்தச் சித்தாந்தத்தை ரொம்பவும் இழுக்கக் கூடாது. சென்னைப் பந்தயம் முடிந்து மூன்று வாரம் ஆவதற்குள், பிப்ரவரியில், கல்கத்தாவில் அதே இரு கோஷ்டிகளும் மோதின. டெண்டுல்கர் ஓடும்போது ஷோயப் அக்தர் மீது மோதி ரன் அவுட் ஆனார். கூட்டம் கொதித்தது, புட்டிகள் பறந்தன. கடைசி நாளன்று ஜனங்களை வெளியேற்றிவிட்டு, வெறும் மைதானத்தில் ஆட்டத்தை முடித்தார்கள். கல்கத்தாக்காரர்களுக்கு ஆட்டம் தெரியாது என்று சொன்னால் அதைவிட அபாண்டம் வேறு இல்லை. அவர்கள் ஒரு அநியாயத்தைப் பார்த்ததாக எண்ணினார்கள். நாங்கள் ஒரு வித்தையைப் பார்த்தோம். டெண்டுல்கர் அன்று சேப்பாக்கத்தில் அப்படி யார்மீதாவது மோதி விழுந்திருந்தால் பெரியப்பாவின் கை எங்கே இருந்திருக்கும்? நண்பர்கள் கூடும்போதெல்லாம் இதைப் பற்றி வாதாடுவோம். இன்னும் தீரவில்லை.

கல்கத்தா ஆட்டம் முடிந்த பிப்ரவரி 20-ந்தேதியன்றே பிரதமர் வாஜ்பாய் பஸ்ஸில் ஏறி லாகூருக்குப் போனார். மே மாதம் கார்கில் மலைகளில் யுத்தம் மூண்டது. ஜூலை 26 வரையில் தினம் ஒரு துக்கச் செய்தி. சேப்பாக்கத்தில் கைதட்டியவர்களைக் கேலி செய்தவர்கள் அப்போது நிறையப் பேர். ரெயிலில் ஒருவர் எங்கள் முகத்துக்கு நேராகவே, "தட்டினீர்களே, இப்போது போய்த் தட்டுங்கள்" என்றார். நாங்கள் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவும் இல்லை. யுத்தத்தின் நடுவிலேயே, ஜூன் 8-ந்தேதி, மான்செஸ்டரில் உலகக் கோப்பைப் பந்தயத்தில் நம்மவர்கள் பாகிஸ்தானை 47 ஓட்டங்களில் ஜெயித்தார்கள். அன்றிரவு அம்பத்தூரில் வெடித்த பட்டாசு தீபாவளியையும் தோற்கடித்தது. நாங்களும் வெடித்தோம்.

பாகிஸ்தான் கோஷ்டி அப்புறம் சேப்பாக்கத்தில் டெஸ்ட் ஆடவே இல்லை. இரு தேசங்களும் டெஸ்டில் சந்தித்ததும் 2007 டிசம்பரில் பெங்களூரோடு நின்றுவிட்டது. 2023-ஆம் வருஷத்து உலகக் கோப்பையில் அவர்கள் சேப்பாக்கத்துக்கு வந்து ஆப்கானிஸ்தானிடமும் தென்னாப்பிரிக்காவிடமும் தோற்றார்கள். எங்கள் மாணவர்கள் அதைக் கைபேசியில் பார்த்தார்கள். 1999 என்றால் அவர்களுக்குப் பானிப்பட்டு யுத்தம் மாதிரி.

அந்த ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. பெரியப்பா அம்பத்தூருக்கு வந்திருந்தார். தொழிற்சாலையில் வேலை கடுமை, கண்கள் சிவந்திருந்தன. கையில் டிரான்சிஸ்டர், அதில் கார்கில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ஏரிக்கரையில் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு வயதிருக்கும் ஒருவன், சக்லைனைப் போலவே குறுகிய அடிகளாக எடுத்து வைத்து, நடுவில் ஒரு கணம் நின்று, பந்தை விட்டான். எதிரே நின்ற பையன் ஒரு பக்கம் மட்டையை வீச, பந்து மறுபக்கம் திரும்பிச் செங்கல்லைச் சாய்த்தது.

பெரியப்பா டிரான்சிஸ்டரின் சத்தத்தைக் குறைத்தார். கரையிலிருந்து இரண்டடி கீழே இறங்கி நின்றார்.

"தம்பி, அதை இன்னொரு தரம் போடு, பார்க்கலாம்" என்றார்.