கையுறையும் கைப்பொருளும்

வீதியில் இருவர் கைகலந்தால் விலக்கிவிட ஓடுகிறோம். அவ்விருவரே கயிற்று வேலிக்குள் நின்று, கையுறை அணிந்து அடித்துக்கொண்டால் கட்டணம் செலுத்திப் பார்க்கிறோம். இரண்டுக்கும் உள்ள வேற்றுமை யாதெனில், ஒழுங்கு ஒன்றே. 1867ஆம் ஆண்டில் குயின்ஸ்பெரி பிரபுவின் பெயரால் வெளிவந்த விதிகள், மூன்று நிமிடச் சுற்றையும், விழுந்தவன் எழுவதற்குப் பத்து வினாடி அவகாசத்தையும், கையுறையையும் வகுத்து, முரட்டுச் சண்டையை விளையாட்டாக்கின. இன்று காசுக்காக நடைபெறும் குத்துச்சண்டையில் தேய்ந்து வருவது அவ்வொழுங்கே என்பது நம் கருத்து.

திருகோணமலை வாசிகளுக்கு இவ்விளையாட்டு புதிதன்று. 1957 வரை நமது துறைமுகம் பிரித்தானியக் கடற்படையின் தளமாயிருந்தது. அக்காலத்தில் அங்கே வேலை பார்த்த முதியவர் ஒருவர், மாலுமிகளின் குத்துச்சண்டையைப் பற்றி நமக்குச் சொன்னதுண்டு. சுற்று நடைபெறும்போது பார்வையாளர் வாய்திறத்தல் ஆகாதாம். மணி அடித்த பின்னரே கைதட்டலாமாம். அடிபடுபவனும் மனிதனே என்ற மரியாதை அந்த மௌனத்தில் இருந்தது போலும்.

இலங்கைக்கு இவ்விளையாட்டினால் பெருமையும் வந்தது, தலைகுனிவும் வந்தது. 1938இல் சிட்னி நகரில் நடைபெற்ற பேரரசு விளையாட்டுப் போட்டியில் பார்னி ஹென்ரிகஸ் தங்கப் பதக்கம் வென்றார். 72 ஆண்டுகள் கழித்து, 2010இல் டில்லியில் மஞ்சு வன்னியாராச்சி மீண்டும் குத்துச்சண்டையில் தங்கம் வென்றபோது நாடே மகிழ்ந்தது. ஊக்கமருந்துச் சோதனையின் பின்னர் அப்பதக்கம் பறிக்கப்பட்டது. ஆகவே அமெச்சூர் குத்துச்சண்டை மாசற்றது என்று கூறுவாரில்லை. எனினும் அங்கே சோதிப்பதற்கு ஒருவரும் தண்டிப்பதற்கு ஒருவரும் இருந்தனர் என்பதை மறத்தலாகாது.

இதையெல்லாம் நாம் சிந்திக்க நேர்ந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. உட்துறைமுக வீதிப் பக்கத்திலிருந்து அன்னை ஒருவர் அண்மையில் நம்மிடம் வந்தார். "ஐயா, மகன் வெளிநாடு போய்க் காசுக்குச் சண்டை பிடிக்கப் போறன் எண்டு நிக்கிறான். நீங்கள்தான் ஒரு புத்தி சொல்லவேணும்" என்றார். கூட வந்த மகனோ, "கடலுக்குப் போனாலும் உயிருக்கு உத்தரவாதம் இல்லைத்தானே ஐயா?" என்று திருப்பிக் கேட்டான். வீட்டில் கடன் இருந்தது. அவன் கேள்வியில் நியாயமும் இருந்தது.

ஆயினும் கடலில் ஆபத்து தொழிலின் பக்கத்தே நிற்பது. வள்ளத்தில் கூட வருவோர் அனைவரும் உயிரோடு கரைசேரவே விரும்புவர். குத்துச்சண்டையிலோ எதிராளியின் தலையைத் தாக்குவதே தொழில். கையுறை பெரிதும் காப்பது அடிப்பவனின் விரல்களையே. மண்டையோட்டினுள் குலுங்கும் மூளையை அன்று. அடிபட்டு அடிபட்டுத் தடுமாறும் நடையும் குழறும் பேச்சும் ஒரு நோயே என்பதை அமெரிக்க வைத்தியர் ஹரிசன் மார்ட்லண்ட் 1928இலேயே எடுத்துரைத்தார். 1982இல் கொரிய வீரர் கிம் டுக் கூ, 14ஆம் சுற்றில் வீழ்ந்து சில நாட்களில் இறந்தார். அதன் பின்னரே 15 சுற்றுகள் 12 ஆகக் குறையத் தொடங்கின. ஓர் உயிர் போன பின்னரே மூன்று சுற்றுகள் குறைந்தன!

இதற்கு மூலகாரணம், பொறுப்பேற்பதற்கு ஒரு தலைமை இல்லாமையே. ஒரு காலத்தில் எட்டு எடைப்பிரிவுகளும் பிரிவுக்கு ஒரு வீரருமாக இருந்த உலகப் பட்டங்கள், இன்று பதினேழுக்குக் குறையாத பிரிவுகளில், நான்கு பெரிய சங்கங்களால் தனித்தனியே வழங்கப்படுகின்றன. உண்மையான வீரர் யார் என்று இரசிகர் குழம்புகின்றனர். வீரரின் ஊதியத்திலோ முகாமையாளருக்கும் பயிற்சியாளருக்கும் பங்கு உண்டு. ஏற்பாட்டாளரின் கணக்கை வீரர் அறிய வேண்டும் என்பதற்காக, 2000ஆம் ஆண்டில் அமெரிக்கா முகமது அலியின் பெயரால் ஒரு சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

அந்த அலியின் கதையே நமக்குப் பாடம். அவருடைய உடல்நிலையைக் கண்டு அஞ்சிய வைத்தியர் பச்சேகோ, 1977இல் எச்சரித்தார், கேட்பாரில்லாமையால் விலகினார். 1980இல் அலி சென்னைக்கு வந்தபோது தமிழ் மக்கள் திரண்டு வரவேற்றனர். அதே ஆண்டு ஒக்டோபரில், 38 வயதில், லரி ஹோம்ஸிடம் பத்துச் சுற்றுகள் அடிவாங்கினார். அதன் பின்னரும் 1981இல் மீண்டும் மேடையேறினார். 1984இல் அவருக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பது வெளிப்பட்டது. அந்நோய்க்கு அடிகளே காரணமா என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. ஆனால், "போதும்" என்று சொன்னவர் வெளியேற, "இன்னும் ஒன்று" என்று சொன்னவர்கள் உடனிருந்தனர் என்பதில் வேற்றுமை இல்லை. உலகமே போற்றிய வீரருக்கு இக்கதி எனின், பெயரறியாத நம் பிள்ளைக்கு யார் துணை?

ஆகவே பெற்றோர் மூன்று கேள்விகளைக் கேட்டல் வேண்டும். சண்டையை நிறுத்தும் அதிகாரமுள்ள வைத்தியர் யார், அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார்? ஒப்பந்தத்தை நம் பக்கத்துச் சட்டத்தரணி ஒருவர் வாசித்தாரா? பிள்ளை காயமுற்றால் அவனுக்குச் சோறிடுபவர் யார்? இம்மூன்றுக்கும் எழுத்தில் விடை கிடையாதாயின் கையொப்பமிடுதல் தகாது. கையுறை அணிய ஆசையுள்ள இளைஞருக்கு வேறு வழியும் உண்டு. இந்நாட்டின் முன்னணி வீரர் பலர் முப்படைகளிலும் பொலீஸிலும் உத்தியோகம் பார்த்துக்கொண்டே இவ்விளையாட்டில் ஈடுபடுவோர். வருமானம் சிறிதாயினும் மாதந்தோறும் வரும்; தோற்றாலும் அது வரும்.

வீரத்தை நாம் குறைகூறவில்லை. அடியைத் தாங்குவது வீரமே. ஆயினும் அந்த வீரத்தை விற்றுப் பிழைப்போர், அதைக் காக்கவும் கடமைப்பட்டவர்கள். அக்கடமையை அவர்கள் ஏற்கும்வரை, நம் பிள்ளைகளுக்காக "போதும்" என்று சொல்லும் பொறுப்பு வீட்டாரையே சார்ந்தது.