போண்டாவுக்குப் பல் வெட்டிய கதை

மீனுக்குப் பல் பார்க்க டாக்டரிடம் போனோம் என்றால் இன்றைக்கும் என் வீட்டில் யாரும் நம்புவதில்லை. மகள் மட்டும், "எந்தப் பல்லுப்பா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அந்த மீனுக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நாலே பல். நாலும் தடித்த தகடுகளாக இறுகி, வாயில் ஓர் அலகாகவே ஆகியிருக்கும். நகம் வளர்வதைப் போல ஆயுசு முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும்.

தொண்ணூறுகளில் நாங்கள் சென்னை வில்லிவாக்கத்தில் இருந்தோம். அப்பா ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமையானால் என்னை சைக்கிள் பாரில் உட்கார வைத்துக்கொண்டு கொளத்தூருக்கு மிதிப்பார். அங்கே மொட்டைமாடியிலும் கொல்லையிலும் சிமென்ட் தொட்டி கட்டி, கப்பியும் மோலியும் ஏஞ்சலும் வளர்த்து விற்கிற குடும்பங்கள் நிறைய. பாலிதீன் பையில் பாதி தண்ணீர், பாதி காற்று நிரப்பி ரப்பர் பேண்ட் போட்டுக் கையில் கொடுப்பார்கள். வீடு வரும்வரை அந்தப் பையை வெயில் படாமல் சட்டைக்குள் வைத்திருப்பது என் வேலை.

அப்படி ஒருநாள் வந்ததுதான் பஃபர். கட்டை விரல் நீளம்கூட இல்லை. மஞ்சளும் பச்சையும் கலந்த முதுகில் கறுப்புப் பொட்டுகள், வெள்ளை வயிறு. செதில் கிடையாது. ஒரு கண் என்னைப் பார்க்கும்போது இன்னொரு கண் சுவரைப் பார்க்கும். மற்ற மீன்கள் கையைக் கண்டால் செடிக்குப் பின்னால் ஓடும். இது கண்ணாடிக்கு வந்து மூக்கை ஒட்டி நிற்கும். வலை போட்டு எடுக்கப் போனால் தண்ணீரைக் குடித்து உப்பி உருண்டையாகிவிடும். போண்டா என்று பேர் வைத்தது அக்கா.

பெயருக்கேற்ற சாதுவாக இருக்கவில்லை அது. ஒரு வாரம் போவதற்குள் ஏஞ்சலின் செட்டைகளைக் கத்தரித்துவிட்டது. தனித் தொட்டி வாங்கவேண்டியதாயிற்று. அது கழிமுகத்து மீன். இலங்கையிலிருந்து இந்தோனேசியா வரை ஆறும் கடலும் கலக்கிற இடங்களில் கிடைக்கும். அதனால் தண்ணீரில் உப்பு வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். தீனிக்குச் செம்புழு போதும் என்பதும் அவர் சொன்னதுதான். பொட்டலமாக வாங்கிவந்த புழுவைக் குழாயடியில் ஒரு கிண்ணத்தில் போட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழவைத்து உயிரோடு வைத்திருப்போம். அம்மா அந்தப் பக்கமே வரமாட்டாள்.

ஆயாவுக்கு மட்டும் அந்த மீனைப் பார்த்ததும் ஆகவில்லை. ஆயா பிறந்தது பழவேற்காட்டில். "இது பேத்தை இல்ல? காசு குடுத்தா வாங்கினு வந்தீங்க?" என்றாள். அவள் ஊரில் வலையில் பேத்தை வந்தால் கரையிலேயே எறிந்துவிடுவார்களாம். நாயும் தின்னாது, நண்டின் ஓட்டை உடைக்கும், வலையைக் கடித்து ஓட்டை போடும், தின்றால் ஆள் காலி. அவள் சொன்னதில் மிகை அதிகமில்லை. பேத்தை இனத்து மீன்களில் இருக்கிற நஞ்சுக்கு 1909இல் ஜப்பானிய விஞ்ஞானி யோஷிசுமி தஹாரா 'டெட்ரோடோடாக்சின்' என்று பேரிட்டார். சமைத்தாலும் போகாத நஞ்சு அது. இது எதுவும் ஆயாவுக்குத் தெரியாது. தொட்டியில் கை விட்டால் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுவாள், அவ்வளவுதான்.

எங்கள் தொட்டியில் போண்டா நன்றாகவே வளர்ந்தது. பிறகு ஒரு மழைக்காலத்தில் சாப்பாடு இறங்கவில்லை. பசி இல்லாமல் இல்லை. புழுவைக் கண்டதும் பாய்ந்து வரும், கவ்வும், வழுக்கிக் கீழே விழும். மறுபடி கவ்வும். வயிறு உள்ளே ஒட்டிக்கொண்டது. அப்பா டார்ச் அடித்துப் பார்த்தார். உதடு மூட முடியாதபடி மேல் பல் வெளியே நீண்டு கீழ்ப்பல்லின்மேல் மடிந்திருந்தது. வாயில் மிஞ்சியது ஒரு சந்து மட்டும். "பல்லு வளந்துட்டுது. பட்டினில சாவுது" என்றார்.

எங்களுக்குத் தெரிந்த ஒரே மிருக டாக்டர், பால்காரர் வீட்டுக்கு வந்துபோகிற மாட்டு டாக்டர். சாயங்காலம் தன் வீட்டு முன் அறையில் வைத்தியம் பார்ப்பார். போண்டாவைத் தொட்டித் தண்ணீரோடு ஒரு தூக்குவாளியில் விட்டு எடுத்துப் போனோம். இனிமேல் அந்தத் தூக்குவாளி சமையலறைக்குள் வரக்கூடாது என்பது அம்மாவின் நிபந்தனை. அங்கே ஒரு பொமரேனியன், வயிறு உப்பிய ஆடு, கூடையில் ஒரு சேவல். நடுவில் நான், மடியில் தூக்குவாளி.

"என்ன தம்பி, பாலா?"

"மீனு சார்."

"குழம்புக்கா?"

"பல்லு சார்."

கம்பவுண்டர் சிரித்த சிரிப்பில் சேவல் கத்தியது. டாக்டர் சிரிக்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வாளிக்குள் எட்டிப் பார்த்தார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்து வயசு சொல்கிற உலகத்து ஆள் அவர். "நாலு பல் போட்ட காளை பார்த்திருக்கேன். நாலு பல் மீனை இப்பத்தான் பார்க்கறேன்" என்றார். முயலுக்கும் எலிக்கும் முன்பல் இப்படி வளர்ந்துகொண்டே போகும், கடிக்கக் கெட்டியாக எதுவும் கிடைக்காவிட்டால் வாயையே அடைத்துவிடும் என்று எனக்கு விளக்கினார். முயலுக்கு வெட்டிப் பழக்கமாம். "மீனுக்குத் தெரியாது. கேட்டுட்டுச் செய்யறேன். ஞாயித்துக்கிழமை காலைல வாங்க." தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படித்த நண்பர் ஒருவருக்கு எஸ்.டி.டி. போட்டுப் பேசியதாகப் பிறகு சொன்னார். கைராசி டாக்டர்கள் பலரைப் பார்த்துவிட்டேன். ஒரு பையனிடம் இத்தனை சாதாரணமாகத் தெரியாது என்று சொன்னவரை அதிகம் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கொண்டுவரச் சொன்னது கிராம்பு எண்ணெய். ஆயா பல்வலிக்குப் பஞ்சில் நனைத்து வைத்துக்கொள்கிற அதே சின்ன பாட்டில். மீனை மயங்கவைக்கவும் அதுதான் மருந்தாம். சொத்தைப் பல்லை மரத்துப்போகச் செய்கிற சத்துதான் மீனின் செவுள் வழியாக ஏறி அதைத் தூங்க வைக்கிறது. அளவு மீறினால் மூச்சே நின்றுவிடும். டாக்டர் ஒரு குப்பியில் கொஞ்சம் தண்ணீரும் எண்ணெயும் விட்டுப் பால் நிறம் வரும்வரை குலுக்கி, அதிலிருந்து சொட்டுச் சொட்டாக பேசினில் விட்டார். இன்னொரு பேசினில் மருந்து கலக்காத தொட்டித் தண்ணீர். போண்டா முதலில் சுற்றியது, பிறகு தள்ளாடியது, பக்கவாட்டில் சாய்ந்தது. செவுள் மட்டும் மெல்ல மூடித் திறந்தது. அதை எண்ணிக்கொண்டிருக்கும்படி என்னிடம் சொன்னார். உப்பிவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. தண்ணீருக்கு வெளியே உப்பினால் காற்றை விழுங்கிவிடும், அந்தக் காற்று வெளியே வருவது பெரும்பாடு. உப்பவில்லை.

நாய் நகம் வெட்டுகிற கருவி வாய்க்குள் போகவில்லை. அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி கட்டிங் பிளேயரை எடுத்தார். முதல் நாள் ராத்திரி அரம் போட்டு முனையைக் கூராக்கி, வெந்நீரில் போட்டு எடுத்தது. டாக்டர் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது எங்க கிடைக்கும்?" என்றார். ஈரத்துணியில் மீனை அணைத்துப் பிடித்து, நுனியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தறித்தார். டிக், டிக் என்று சத்தம். அரிசி நொய் அளவில் துண்டுகள் துணியில் விழுந்தன. உடனே நல்ல தண்ணீருக்கு மாற்றி, வாய்க்குள் தண்ணீர் போகும்படி மெதுவாக முன்னால் நகர்த்திக்கொண்டே இருந்தார். முதலில் ஒரு கண் அசைந்தது, பிறகு இன்னொன்று. ஃபீஸ் கேட்டதற்கு, "மாட்டுக்கு ரேட் தெரியும், மீனுக்குத் தெரியாதே" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் போண்டா புழுவை ஒழுங்காகக் கவ்வியது. ஆனால் பல் திரும்ப வளருமே? அதற்கு வழி சொன்னவள் ஆயா. "கடல்ல அதுக்கு யாரு வெட்டி விடறாங்க? நத்தைய உடைக்கும், நண்ட உடைக்கும், தேஞ்சிடும். நீங்க கூழாட்டம் புழுவ ஊத்துறீங்க." அன்றிலிருந்து ரெட்டேரிப் பக்கம் போகிற பையன்களுக்கு எங்கள் வீட்டில் மரியாதை கூடியது. ஆகாயத்தாமரை வேரில் ஒட்டியிருக்கிற சின்ன நத்தைகளைக் கொண்டுவருவார்கள். டாக்டர் சொன்னபடி அவற்றைத் தனித் தொட்டியில் சில நாள் வைத்திருந்துவிட்டுத்தான் போண்டாவுக்குப் போடுவோம். ஓடு உடைகிற சத்தம் அடுத்த அறையில் படித்துக்கொண்டிருக்கிற அக்காவுக்குக் கேட்கும். கட்டிங் பிளேயருக்கு அதன்பிறகு வேலை வரவில்லை.

2004இல் போண்டாவின் இனத்து மீனின் மரபணுத் தொகுதியை விஞ்ஞானிகள் படித்து வெளியிட்டார்கள். முதுகெலும்புள்ள உயிர்களில் அறியப்பட்ட மிகச் சிறிய தொகுதிகளில் அது ஒன்றாம். ஆயா இருந்திருந்தால் அப்போதும் கையைக் கழுவத்தான் சொல்லியிருப்பாள்.

கொளத்தூரில் பஃபர் இப்போதும் கிடைக்கிறது. அழகில் மயங்கிப் பையை வாங்குவதற்கு முன்னால் கடைக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: நத்தை இருக்கிறதா? வீட்டில் பல் நீண்டுவிட்டால் நகவெட்டியை எடுத்துக்கொண்டு நீங்களே இறங்காதீர்கள். மீனைப் பார்க்கிற மருத்துவரைத் தேடிப் பிடியுங்கள். நத்தைக்கும் வழியில்லை, மருத்துவருக்கும் வழியில்லை என்றால் கப்பி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.