சீட்டுக்கு ஒரு சட்டை

பொருளை உறையிட்டுக் காப்பதில் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இணை எவருமில்லை. பள்ளி திறந்த முதல் வாரமே பாடநூல்களுக்குப் பழுப்புத் தாளில் அட்டை போட்டாக வேண்டும். குடும்ப அட்டை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இருக்கும்; அந்தப் பை இன்னொரு துணிப்பைக்குள் இருக்கும். இத்தனை பழகிய வீட்டிலும், விளையாடும் சீட்டு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே உறை போடுவதாகச் சொன்னால் சிரிக்கத்தான் செய்வார்கள். எங்கள் வீட்டில் சிரித்தார்கள்.

சிரிப்புக்கு ஆளானவன் என் தம்பி. 1996இல் ஜப்பானில் தோன்றிய போக்கிமான் சீட்டாட்டத்தில் அவனுக்குப் பித்து. அதில் ஆடுபவர் ஒவ்வொருவருக்கும் 60 சீட்டுகள் கொண்ட கட்டு வேண்டும். அறுபதுக்கும் உறை வாங்கப் பொங்கல் காசைச் சேர்த்து வைத்தான். "மாத்துச் சேலை இல்லாம நாத்து நட்டவ நானு. இவன் என்னடான்னா சீட்டுக்குச் சட்டை போடுறான்!" என்றார் பாட்டி.

சட்டை என்ற சொல் பொருத்தமாகவே அமைந்தது. சீட்டின் அகலம் 63 மில்லிமீட்டர், உயரம் 88. உறை அதைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் பெரியது. ஒரு பக்கம் மட்டும் திறந்த மெல்லிய பை. பாலிபுரொப்பிலீனால் ஆனதே நல்லது. பி.வி.சி. உறையில் நெகிழ்வுக்காகச் சேர்க்கும் பொருள் நாளடைவில் கசிந்து சீட்டைக் கெடுத்துவிடும்.

குத்தாலத்தில் இது வீண் செலவும் அன்று. அருவி கொட்டும் குற்றாலத்தைச் சொல்லவில்லை. காவிரிக்கரைக் குத்தாலத்தைச் சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இங்கே உப்பு நீர்விடும், தீப்பெட்டி நமுத்துப்போகும், காகிதச் சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பவுடர் தூவித்தான் கலைக்க வேண்டியிருக்கும்.

ஆனால் ஈரமும் அழுக்கும் சிறிய காரணங்களே. பெரிய காரணத்தை எங்கள் வீட்டுப் பழைய ரம்மிக் கட்டைப் பார்த்தால் அறியலாம். இஸ்பேட் ராஜாவுக்கு மூலை மடிந்திருக்கும். ஆர்ட்டின் ஒன்பதின் முதுகில் காப்பிக் கறை. டைமன் ராணிக்கு ஓரம் கிழிந்திருக்கும். தீபாவளிக்கு உறவினர் கூடி ஆடும்போது, வீட்டில் உள்ளவர்களுக்கு இந்த அடையாளங்கள் எல்லாம் தலைகீழ்ப் பாடம். எவரும் ஏமாற்ற நினைப்பதில்லை. கண்ணில் பட்டுவிடுகிறதே, என்ன செய்வது? ஆண்டுக்கு ஒருமுறை வரும் மாமாவுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. தோற்பவரும் பெரும்பாலும் அவரே. "எனக்கு ராசியில்லை" என்று எழுந்துவிடுவார்.

ரம்மி பெரிதும் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967இல் ஓர் ஆந்திர வழக்கில் கூறியது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைப்பதற்கும், எதை வைத்துக்கொண்டு எதை இறக்குவது என்று தேர்வதற்கும் திறமை வேண்டும் என்பது அதன் கருத்து. சீட்டின் முகத்தை நினைவில் வைப்பது திறமை. முதுகை நினைவில் வைப்பதற்கு என்ன பெயர்?

இந்தச் சிக்கலுக்குத்தான் உறை மருந்து. நிறமிட்ட உறையின் பின்புறத்தில் சீட்டின் கறை தெரியாது. அறுபதும் ஒரே நிறம், ஒரே அளவு. போட்டிகளில் ஒருவர் கட்டிலுள்ள உறைகள் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பது விதி. கிழிந்த உறை ஒன்றை மட்டும் மாற்றினாலும் ஆபத்துதான். பழைய உறைகளின் நடுவே புதியது பளிச்சென்று தெரிந்து, அதுவே அடையாளமாகிவிடும்.

நம் முன்னோரும் இதை அறிந்திருந்தனர். மைசூரிலும் மராட்டியத்துச் சாவந்தவாடியிலும் செய்த கஞ்சீபா வட்டச் சீட்டுகளுக்கு அரக்கு மெருகு பூசினார்கள். 120 சீட்டுகள் கொண்ட தசாவதாரக் கட்டில், முகங்களில் பத்து அவதாரங்களும் விளங்கும்; முதுகுகளுக்கோ ஒரே வண்ணம்.

இங்கே ஏட்டுச் சுவடியை எண்ணிப் பார்க்கலாம். பக்கத்துத் திருவாவடுதுறையில், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் உ. வே. சாமிநாதையர் பாடம் கேட்ட காலத்தில், கல்வி பெரிதும் சுவடியில் இருந்தது. மேலும் கீழும் மரச்சட்டம், துளையில் கயிறு, சுற்றிலும் துணி என்று முழுக் கட்டுக்கும் ஒரே காப்பு. ஏட்டின் ஓரம் முறிந்தால் நட்டம் எழுத்துக்குத்தான். படிப்பவர் ஒருவருக்கு லாபமும் மற்றவருக்கு நட்டமும் வராது. சீட்டின் நிலை வேறு. முகம் முழுதாக இருந்தாலும், முதுகில் ஒரு கீறல் விழுந்தால் ஆட்டமே கெட்டுவிடும்.

சென்ற தீபாவளிக்குத் தம்பி எங்கள் ரம்மிச் சீட்டுகளுக்கும் ஒரே நிற உறை போட்டுவிட்டான். கட்டு தடித்துப்போய்ப் பழைய டப்பாவில் அடங்கவில்லை. மாமா இரண்டு ஆட்டம் வென்றார், மூன்று தோற்றார். தோற்றபோது ராசியைக் குறை சொல்லவில்லை. "அந்த எட்டை நான் இறக்கியிருக்கக் கூடாது" என்றார். அதைக் கேட்டபோதுதான் பாட்டி சிரிப்பதை நிறுத்தினார்.

மாணவர்களாகிய நமக்கு இந்த உறை புதிதன்று. பல்கலைக்கழகத் தேர்வில் நம் பதிவெண்ணை மறைத்து, வேறோர் எண்ணை இட்டுத்தான் விடைத்தாள் திருத்தப்படுகிறது. 'டம்மி நம்பர்' என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். திருத்துபவர் கைக்கு வரும் தாள்களுக்கெல்லாம் ஒரே முதுகு. எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று அந்தத் தாள் சொல்லாது. உள்ளே எழுதியது மட்டுமே பேசும். நாற்று நட்ட கையின் பேரப்பிள்ளை எழுதும் தாளுக்கு இதைவிட நல்ல உறை ஏது?

பட்டம் பெற்று வேலைக்கான நேர்முகத்தில் உட்காரும்போது அந்த உறை நம்மோடு வருவதில்லை. "குத்தாலத்தில் எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டு, விடையைக் கேட்டதும் முகம் மாறுவோர் இன்றும் உண்டு. மடிந்த மூலையைத் தேடும் கண்கள் அவை. நாளை நம்மில் சிலர் அந்த மேசைக்கு மறுபுறம் உட்காரப் போகிறோம். அன்று எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்து ஆடுவோம். முதுகைப் பார்த்து அன்று.