உதைபந்தும் ஓர் ஆராய்ச்சியோ?

விளையாட்டைப் படிப்பின் பகையெனக் கருதும் பெற்றோர் நம்மிடையே பலர். இங்கிலாந்தின் லெஸ்ரர் பல்கலைக்கழகத்திலும் 1960 அளவில் இத்தகைய ஐயமொன்று எழுந்தது. உதைபந்தாட்டத்திற் பெரும்பற்றுடைய எரிக் டனிங் என்னும் சமூகவியல் மாணவர், அதனையே முதுமாணிப் பட்ட ஆய்வுக்குப் பொருளாகக் கொள்ள விழைந்தார். கல்விமான்கள் இதனை மதிப்பார்களா? ஆசிரியர் நோபேட் எலியாஸ் ஊக்கமளித்தார். கற்பிக்குந் தொழிலிலுள்ள நாம் இவ்விடத்திலே சற்று நின்று வியக்கின்றோம். மாணவன் நேசிக்கும் பொருளிலே ஆராய்ச்சிக்குரிய வினாவைக் காண்பது எளிதன்று.

எலியாஸ் வன்முறையை ஏட்டில் மட்டும் கண்டவரல்லர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933 இல் ஜேர்மனியை விட்டு வெளியேறிய யூதர் அவர். தாயாரை நாசிகளின் கொடுமைக்குப் பறிகொடுத்தவர். மனிதர் தம் மூர்க்கத்தை அடக்க எவ்வாறு பழகினர் என்பதே அவர்தம் வாழ்நாள் வினா.

அவ்வினாவுக்கு ஆடுகளத்தில் விடையுண்டு. முன்னாளில் ஊரோடு ஊர் மோதிய பந்தாட்டத்தில் எலும்புகள் முறிந்தன. 1863 இல் இலண்டனிலே விதிகள் வகுக்கப்பட்டபொழுது, எதிரியின் முன்காலில் உதைக்கும் உரிமையை விடமாட்டோமென்று பிளக்ஹீத் கழகத்தார் விலகிச் சென்றனராம்! 1871 இல் றக்பி ஆட்டத்தாரும் அவ்வழக்கத்தைக் கைவிட்டனர்.

களத்திலே அடங்கிய மூர்க்கம் பார்வையாளரிடையே தலைகாட்டிற்று. 1985 இல் பிரசெல்ஸ் நகரின் ஹெய்சல் அரங்கில் இரசிகர் கலகத்தின்போது சுவர் சரிந்து 39 பேர் மாண்டனர். இது புதுக்காலத்துக் கேடு எனப் பலர் புலம்பினர். டனிங் குழுவினரோ பழைய செய்தித்தாள்களைப் புரட்டி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே இத்தகைய கலகங்கள் நிகழ்ந்தமையைக் காட்டினர்.

ஆசிரியரும் மாணவரும் விளையாட்டைப் பற்றி எழுதிய கட்டுரைகள் 1986 இல் ஒரே நூலாக வெளிவந்தன. அவ்வாண்டில் எலியாசுக்கு அகவை 89.