சக்கரத்தின் கருமை

மோட்டார் காரையும் மோட்டார் சைக்கிளையும் உள்ளது உள்ளபடி எழுதிவைப்பதும் ஒரு கலையா என்று கேட்போர் நம்மிடையே பலர். ஓவியம் என்ற சொல் காதில் விழுந்ததும் அவர்கள் மனக்கண்முன் வந்து நிற்பவை தாமரைமேல் நிற்கும் தேவியும், மயில்மேல் அமர்ந்த முருகனும், முடி சூடிய மன்னனுமே. இஃது அவர்கள் குற்றம் அன்று. ராஜா ரவிவர்மா 1894-ல் அச்சுக்கூடம் நிறுவி வண்ணப் படங்களை வீடுதோறும் வழங்கத் தொடங்கிய நாள் முதல், ஓவியம் என்றால் இன்னது என்று ஒரு வரம்பு நம் இல்லச் சுவர்களுக்கு ஏற்பட்டுவிட்டது. கடல் கடந்து கெடாத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோரின் லயத்துச் சுவரிலும் அவ்வரம்பே ஆணியில் தொங்கிற்று. வண்டியை எழுதலாமா என்றால், அது தேராயின் எழுதலாம்; அத்தேரில் கண்ணன் சாரதியாய் இருப்பின் தாராளமாய் எழுதலாம்; பீடோங் கடைத்தெருவில் நிற்கும் ஹோண்டாவை மட்டும் எழுதலாகாது!

ஆனால் ஆயுத பூசையன்று அதே ஹோண்டாவுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டுச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்குவோர் நம்முள் உண்டு. வணங்குவதற்குத் தகுதி பெற்ற ஒரு பொருள், உற்று நோக்குவதற்கு மட்டும் தகுதி இழந்துவிடுமோ? வணங்குகிறவன் கண்ணை மூடிக்கொள்கிறான். வரைகிறவன் திறந்து வைக்கிறான். நம் வாழ்வைச் சுமக்கும் பொருள்களை நாம் கண்திறந்து பார்க்கவேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

மேனாட்டார் இப்பொருளில் என்ன செய்தனர் என்பதை முதலில் காண்போம். 1929-ல் தமாரா தெ லெம்பிக்கா என்னும் பெண் ஓவியர், பச்சை நிறப் புகாட்டிக் காரை ஓட்டுபவராகத் தம்மையே எழுதினார். உண்மையில் அவரிடம் இருந்தது மஞ்சள் நிறச் சிறு ரெனோ கார்தான். இல்லாத காரில் ஏறி அமர்வதற்குத் தூரிகை உதவிற்று. அங்கே கார் ஓர் ஆசையின் சின்னம்.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்காவில் தோன்றிய கூட்டத்தாரோ வேறு வழியில் சென்றனர். புகைப்படத்தைத் திரையிலே ஒளியால் வீழ்த்தி, கோடு பிறழாமல் பிரதி எடுத்து, கண்ணாடியின் மினுக்கம் முதல் கதவுப் பிடியின் நிழல்வரை மாதக்கணக்கில் எழுதினார்கள். இம்முறைக்குப் புகைப்பட மெய்ம்மை என்று பெயர் வழங்கலாயிற்று. ராபர்ட் பெக்டில் 1968-69-ல் எழுதிய '61 பாண்டியாக்' என்ற படத்தில், குடும்பக் காரொன்றின் முன்னே அவரும் மனைவியும் இரு குழந்தைகளும் வெயிலில் நிற்கிறார்கள், அவ்வளவே. ரால்ப் கோயிங்ஸ் கலிபோர்னியாவின் சுமைக்கார்களை எழுதினார். டாம் பிளாக்வெல் மோட்டார் சைக்கிளின் எஞ்சினை ஆளுயரத் திரைகளில் காட்டினார். பர்மிங்காமில் பிறந்த ஜான் சால்ட் என்பவர் நசுங்கித் துருவேறிக் கிடக்கும் கார்களையே தம் பொருளாய்க் கொண்டார். 1972-ல் ஜெர்மனியின் காசல் நகரில் நடந்த ஐந்தாம் டாக்குமெண்டா கண்காட்சியில் இக்கூட்டத்தாரின் படங்கள் வைக்கப்பட்டபோது, உலகமே திரும்பிப் பார்த்தது. வியந்தவரும் உண்டு, நகைத்தவரும் உண்டு.

"புகைப்படம் இருக்க, அதைப் பார்த்து எழுதும் படம் எதற்கு?" என்பது நகைத்தவர் கேள்வி. நியாயமான கேள்வியே. இதற்கு விடை காணவேண்டுமாயின், குரோமியம் பூசிய ஒரு முட்டுத்தண்டை எழுத முயன்று பாருங்கள். வெள்ளிச் சாயத்தை அள்ளிப் பூசினால் அது குரோமியம் ஆகாது. சாம்பல் பூசிய தகடாகும். குரோமியத்துக்கென்று சொந்த நிறம் கிடையாது. அதன் மேற்பாதியில் வானத்தின் நீலம். நடுவே அடிவானத்தின் கருங்கோடு. கீழே மண்ணின் பழுப்பு. ஆகவே பளபளப்பை எழுதுகிறவன் அவ்வண்டி நின்ற ஊரையே எழுதுகிறான். பெக்டில் எழுதிய கார்கள் கலிபோர்னியாவின் வெயிலை ஏந்தி நின்றன. பீடோங்கில் நிற்கும் ஒரு மோட்டார் சைக்கிளின் விளக்குக் கிண்ணத்தை உண்மையோடு எழுதினால், அதில் ஜெராய் மலை வளைந்து தெரியும். கடை வரிசையின் கூரை தெரியும். செம்பனை ஓலை தெரியும். புகைப்படக் கருவி இவற்றை ஒரு நொடியில் விழுங்கிவிட்டு மறந்துவிடும். ஓவியனோ ஒவ்வொன்றையும் இன்னதென்று அறிந்த பின்னரே எழுதமுடியும்.

நிற்க. அம்மேனாட்டுப் படங்களின் அச்சுப் பிரதிகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கண்ணாடி, குரோமியம், வண்ணப்பூச்சு ஆகியவற்றில் ஓவியன் காட்டிய திறம் என்னை வியக்க வைக்கத் தவறியதில்லை. ஆயினும் என் கண் ஒவ்வொரு முறையும் கீழே இறங்கிவிடுகிறது. எல்லாப் பளபளப்பையும் சுமந்துகொண்டு, தான் எதையும் பிரதிபலிக்காமல், கரியதாய் ஒன்று தரையோடு தரையாய் இருக்கிறதே, அந்தச் சக்கரத்தில்தான் அது போய் நிற்கிறது. கலிபோர்னியாவிலிருந்து பார்ப்பவருக்கு அது வெறும் கருநிறம். பீடோங்கிலிருந்து பார்ப்பவருக்கு அப்படியாகுமா?

சக்கரத்தில் மாட்டும் டயர் பிறவியிலேயே கரியது அன்று. ரப்பர் மரத்தின் பால் வெண்மையானது. ஆதிகாலத்து டயர்களும் வெளிறிய நிறத்திலேயே இருந்தன. தேய்மானத்தைத் தாங்கும் பொருட்டுக் கரித்தூளைக் கலக்கும் வழக்கம் 1910-களில் பரவியது. அன்று முதல் டயர் கறுத்தது. 1888-ல் டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கினார்; 1908-ல் போர்டின் மாடல் டி கார் வெளிவந்தது; இவற்றுக்கு வேண்டிய பாலுக்காகவே மலாயாவின் காடுகள் அழிந்து தோட்டங்கள் எழுந்தன. 1910-ல் ரப்பர் விலை உச்சத்தில் ஏறியது. கப்பல் கப்பலாய்த் தமிழர் வந்து இறங்கினர். மலாயா ரப்பரில் பெரும்பகுதியை வாங்கியது கார்களின் நாடாகிய அமெரிக்காவே. 1930-களின் தொடக்கத்தில் அங்கே வாணிபம் வீழ்ந்தபோது, இங்கே வேலை இழந்து, வந்த கப்பலிலேயே தாயகம் திருப்பி அனுப்பப்பட்ட தமிழர் ஆயிரமாயிரம் பேர்.

இருள் பிரியுமுன் பெரட்டுக்கு நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நிரை நிரையாய் மரம் சீவி, மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துத் தோளில் சுமந்தவர் யார்? அவர் சேர்த்த வெண்மையே உலகச் சாலைகளில் கருமையாய் உருண்டது. அந்நாளில் தோட்டத்தில் மோட்டார் வண்டி துரைக்கு உரியது. பால் சுமந்தவர் நடந்தார்; அவர் சுமந்த பாலின்மேல் துரை உருண்டார்! இன்று டயரில் செயற்கை ரப்பரும் பெருமளவு கலக்கிறது என்பது உண்மைதான். எனினும் கனத்த லாரிகளும் ஆகாய விமானங்களும் இன்றளவும் மரத்தின் பாலையே பெரிதும் நம்பி ஓடுகின்றன.

ஆகவே ஒரு காரின் ஓவியத்தில் டயரைச் சிரத்தையின்றிக் கருஞ்சாயத்தால் மெழுகிவிடுவதைக் கண்டால், அங்கே ஒரு மனிதக் கூட்டத்தின்மேல் கறுப்புப் பூசப்பட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது. மிகை என்று சிலர் சொல்லலாம். சொல்லட்டும்.

நம் இளைஞரிடம் திறமை இல்லையா? உண்டு. எங்கள் ஊர் இளைஞர் ஒருவர், காலஞ்சென்ற தம் பாட்டனாரின் பழைய ஹோண்டா கப்பை எண்ணெய் வண்ணத்தில் எழுதிக்கொண்டுவந்து காட்டினார். ஆரங்கள் ஒவ்வொன்றும் எண்ணும்படி இருந்தன. வீட்டு முன்கட்டில் அமர்ந்திருந்த அவருடைய பாட்டி, நாற்பது ஆண்டுக்குமேல் மரம் வெட்டியவர், படத்தைக் கையில் வாங்கிச் சற்று நேரம் பார்த்தார்.

"வண்டி நம்ம வண்டிதான் ஐயா. ஆனா கழுவித் துடைச்சுல்ல எழுதியிருக்க? உங்க தாத்தா பால் வாளி கட்டுன இடம் எங்க?" என்றார்.

இளைஞர் பேசவில்லை. பின்புறத் தட்டில் பழைய டியூப்பை வெட்டி எடுத்த ரப்பர்ப் பட்டியால் இருபுறமும் வாளிகளைக் கட்டுவார்களாம், பட்டி உரசி உரசி அவ்விடத்தில் சாயம் போயிருக்குமாம், சிந்திய பால் காய்ந்து தகட்டில் தோலாய் ஒட்டியிருக்குமாம், நாற்றம் போகாதாம், அந்த வண்டியிலேதான் பிரசவ வேதனையோடு தாம் ஆஸ்பத்திரிக்குப் போனதாம். பாட்டி சொல்லச் சொல்ல இளைஞர் படத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டார். ஒரு மாதம் கழித்து மீண்டும் காட்டியபோது, தேய்ந்த சாயமும் செம்மண் படிந்த டயரும் அப்படத்தில் இடம்பெற்றிருந்தன. முன்னையது வண்டியின் படம். பின்னையது ஒரு குடும்பத்தின் வரலாறு. இரண்டையும் எழுதியது ஒரே கைதான். இடையில் நிகழ்ந்தது ஒன்றே: எதைப் பார்க்கவேண்டும் என்பதை, அறிந்தவர் ஒருவர் சொல்லிக் கொடுத்தார்.

ஹோண்டா கப் 1958-ல் ஜப்பானில் பிறந்தது. 2017-ல் அதன் உற்பத்தி பத்துக்கோடியைத் தாண்டியது. கப்சாய் என்று இந்நாட்டு மக்கள் அனைவரும் அழைக்கும் இச்சிறு வண்டியினமே, தவணைப் பணம் கட்டி ஒரு தோட்டத் தொழிலாளி தன் பெயரில் வாங்கிய முதல் எந்திரம். நடந்தவன் உருளத் தொடங்கிய கதை அதில் இருக்கிறது. பீடோங்கிற்கு வடக்கே குரூணில் 1995-ல் மொடெனாஸ் என்னும் மோட்டார் சைக்கிள் தொழில் நிறுவப்பட்டு, அடுத்த ஆண்டே கிரிஸ் என்ற வண்டி வெளிவந்தது. டயருக்குப் பால் கொடுத்த கெடா மண், வண்டியையே பூட்டத் தொடங்கியது. இவையெல்லாம் ஓவியத்துக்கு உரிய பொருள் இல்லையெனின், வேறு எதுதான் உரியது?

இதற்கு அண்டையிலேயே எடுத்துக்காட்டுகள் உண்டு. 2012-ல் லிதுவேனியா நாட்டு எர்னஸ்ட் சக்கரேவிச், பினாங்கு ஜார்ஜ் டவுனின் ஆ குவீ தெருவில் ஒரு பழஞ்சுவரை ஒட்டி மெய்யான பழைய மோட்டார் சைக்கிளை நிறுத்தி, அதன்மேல் ஏறி அமர்ந்த சிறுவனைச் சுவரில் வண்ணத்தால் எழுதினார். வண்டி மெய், மனிதன் சித்திரம். அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். துருவேறிய வண்டியைக் குப்பை என்று கருதியவரும், அச்சிறுவனைக் கண்டபின் வண்டியைப் பார்க்கிறார்கள். பினாங்கில் பிறந்த வோங் ஹோய் சியோங், 1990-களின் நடுவில் 'குடியேறிகளும் ரப்பர் மரங்களும்' என்ற பொருளில் பெரும் கரிச்சித்திரங்களை வரைந்து, பால்மரத்தோடு அதை நாடி வந்த மனிதரையும் கலைக்கூடத்துக்குள் அழைத்துச் சென்றார். ஒருவர் வண்டியோடு மனிதனைச் சேர்த்தார். மற்றவர் மரத்தோடு மனிதனைச் சேர்த்தார். மரம், மனிதன், வண்டி மூன்றையும் ஒரே படத்தில் சேர்க்கும் வேலையை நம் இளைஞர் எடுத்துக்கொள்ளலாம் அன்றோ?

செல்வர் ஒருவர் வாங்கிய பந்தயக் காரை எழுதிக்கொடுத்தால் கூலி கிடைக்கும். எழுதட்டும், வயிறு வளரவேண்டும். ஆனால் அத்தோடு நின்றுவிடுதல் ஆகாது. ஜான் சால்ட் நசுங்கிய கார்களை எழுதியதன் நோக்கத்தை நாமும் சிந்திக்கவேண்டும். மலேசியச் சாலைகளில் மாள்வோரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். முன்சக்கரம் வளைந்து, உரியவர் திரும்பி வராமல், வெயிலில் காய்ந்து கிடக்கும் வண்டிகளை நாம் கடந்து செல்லாத நாள் உண்டா? பளபளப்பை மட்டும் மெய்ம்மை என்று கொள்வோமாயின், விளம்பரத்தாள் நம்மினும் சிறந்த ஓவியனாகிவிடும்.

காலமோ காத்திருக்கவில்லை. ரப்பர் நிரைகள் பெரும்பாலும் செம்பனைக்கு இடம் கொடுத்துவிட்டன. லயங்கள் இடிந்து வீட்டு மனைகளாகின்றன. பாலேற்றிய பழைய வண்டிகள் எடைக்குப் போடப்படுகின்றன. அவற்றின் எந்தப் பக்கத்தில் சாயம் தேய்ந்திருந்தது, எந்தக் கொக்கியில் வாளி தொங்கியது என்று சொல்லவல்ல முதியோர் குறைந்து வருகிறார்கள். அவர்கள் இருக்கும்போதே, தூரிகை பிடிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள் அருகில் போய் அமரவேண்டும். படம் எழுதி முடிந்ததும் அயலூர் அறிஞரிடம் காட்டுமுன் அவர்களிடம் காட்டவேண்டும். அவர்கள் கை நீட்டித் தொட்டுக் குறை சொல்லும் இடமே அப்படம் தொடங்கவேண்டிய இடம்.

டயரை எழுதும்போது மட்டும் ஒரு வேண்டுகோள். குப்பியிலிருந்து பிதுக்கிய கறுப்பை அப்படியே பூசாதீர்கள். நீலமும் பழுப்பும் கலந்து, செம்மண் தூசியைச் சேர்த்து, தேய்ந்த வரிகளை ஒவ்வொன்றாய் எழுதுங்கள். அந்தக் கருமைக்குள் வெண்பால் இருக்கிறது.